எடுக்காத சாவிகள்

செண்பகவல்லி கேட்டது ஒரு பஸ்தான். அதுவும் புதிதாகக் கேட்கவில்லை. காலையில் ஆனைக்குறிச்சியில் கிளம்பி, செக்கடியில் நின்று, அரிசி மில்லில் நின்று, வழியில் யார் கை காட்டினாலும் அவர்களுக்காகவும் நின்று, கடைசியில் பொட்டல்காட்டு நடுவே தனியாக இருக்கிற கல்லூரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும் பதினொன்று சி என்கிற பழைய டவுன் பஸ்ஸை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். அதற்கு எங்கள் ஊர் என்னவெல்லாம் செய்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

நான் பகவதி. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் அக்கா. செண்பகவல்லி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வருகிறவள், தாவரவியல் இரண்டாம் வருஷம், ஜன்னலோரம் கிடைத்தால் வெளியே தெரிகிற செடிகொடிக்கெல்லாம் வாய்க்குள் பெயர் சொல்லிக்கொண்டே வருவாள். அவள் அப்பா வேலாயுதம் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பொட்டல்காட்டு ரோட்டில் மகள் தனியாக நடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது, எவன் பைக்கிலாவது பின்னால் உட்கார்ந்து போவதை நினைக்கவே மாட்டார். "பஸ் ஓடுத வரைக்கும் படி தாயி. பஸ் நின்னுட்டுன்னா நீயும் நின்னுக்க" என்று கல்லூரியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். பெண் கேட்டு ஆட்கள் வேறு வரத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பையன் கல்லூரியில் சேர்ந்தால் முதலில் வாங்குவது புத்தகம் இல்லை, பைக். நிலத்தை விற்றாவது வாங்குவார்கள், பசுமாட்டை விற்றாவது வாங்குவார்கள், பைக் இல்லாத பையனை ஊர் பாதிப் பையனாகத்தான் பார்க்கும். அதனால் காலை நேரத்தில் அந்த ரோடு முழுக்கப் புகையும் ஹாரனும் பையன்களுமாக இருக்க, நடுவே பதினொன்று சி ஐந்தாறு பெண்களையும் என்னையும் வைத்துக்கொண்டு கடகடவென்று போகும். டெப்போ மேனேஜர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வருகிற மாதத்திலிருந்து காலை டிரிப் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

செண்பகவல்லி அவர் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். "சார், நான் டெய்லி ஏறுதேன் சார்."

"நீ ஒருத்தி ஏறுதே. மிச்ச சீட்டுல யாரு உக்காருதா? காத்தா?" என்றார் மேனேஜர். "ஆளைக் கூட்டிட்டு வா. வண்டி ஓடும்."

ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று பேச்சுக்குத்தான் சொன்னார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கல்லூரியில் பசுமை மன்றம் என்று ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு மரக்கன்று நட்டு, அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்து, பிறகு அதை ஆடு தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை. அதற்குத் தலைவன் இசக்கிராஜா, சிவப்பு பைக் வைத்திருக்கிறவன், வாய் ஓயாதவன், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அந்த மன்றக் கூட்டத்தில் செண்பகவல்லி எழுந்து, ரோட்டோரத்துப் புங்க மரத்தில் பறித்த ஒரு இலையை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துக் காட்டினாள். கைக்குட்டை அடுப்புத் துணிபோல ஆகிவிட்டது.

"இது நம்ம பைக்குப் புகை. இந்த இலை மூச்சு விடுத எடத்தையெல்லாம் நாம அடைச்சு வச்சிருக்கோம். பஸ்ஸு ஒண்ணு சும்மாதான போகுது, அதுல ஏறுனா என்ன? அம்புட்டுப் பேருக்கும் எடம் இருக்கு" என்றாள். தன் படிப்பு நிற்கப் போவதை அவள் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார்கள், பாவம் என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இசக்கிராஜாவுக்கு இலை பிடித்துப்போனது. வீடியோ எடுக்க நன்றாக இருக்கிறது என்றான். ஆயுதபூஜை அன்று எல்லாரும் பைக்கைக் கைவிட்டுவிடலாம், அதை ஊரே பார்க்கிற மாதிரி செய்யலாம் என்றான். அப்படியே அந்த ஆயுதபூஜை அன்று, டிரைவர் மாசானமுத்து அண்ணாச்சியும் கண்டக்டர் ஜெபமணியும் பதினொன்று சி-யைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டிருந்தபோது, பையன்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொரு பைக் சாவியை ஒரு பெரிய செவ்வந்தி மாலையில் வரிசையாகக் கோர்த்து, அதைப் பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு உள்ளே சாமி படங்களுக்குக் கீழே தொங்கவிட்டு, சூடம் காட்டி, இனிமேல் பைக்கை ஓட்ட மாட்டோம், பஸ்ஸில்தான் போவோம் என்று சத்தியம் செய்தார்கள். கை தட்டல், பொரி, சுண்டல், வீடியோ எல்லாம் முடிந்தது. நானும் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

ஆயுதபூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமியன்று ஒரு பூ போட்டுக் கும்பிட்டு எடுக்க வேண்டும். ஓட்டுகிறோமோ இல்லையோ, எடுக்கவாவது வேண்டும். அரிவாளை வைத்தவன் அரிவாளை எடுப்பான், தராசை வைத்தவன் தராசை எடுப்பான், புத்தகத்தை வைத்த பிள்ளை ஒரு பக்கமாவது படிப்பாள். பையன்கள் லீவு என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். இனிமேல் வேண்டாத சாவியை எதற்கு எடுப்பது என்று ஒருத்தனும் அந்தப் பக்கம் போகவில்லை.

கல்லூரி திறந்த அன்று காலையில் பையன்களெல்லாம் பஸ்ஸில் ஏற, பதினொன்று சி முதல் தடவையாக நிறைந்து, ஒருபக்கம் சாய்ந்து கிளம்ப, தொழுவத்திலும் திண்ணை ஓரத்திலும் முருங்கை மரத்தடியிலும் நின்றிருந்த பைக்குகளெல்லாம் ஸ்டாண்டைத் தாமே தூக்கிக்கொண்டு, தாமே உறுமி, வாசல் படியைக் கவனமாக இறங்கி, தெருமுனையில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்தன. ஆளில்லை, சாவியில்லை, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிரேக் பிடித்தன, திரும்புகிற இடத்தில் விளக்கும் போட்டன. மாசானமுத்து அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பொறத்தால என்னல இவ்வளவு சத்தம்?" என்று கேட்டார். "பைக்கு வருது அண்ணாச்சி" என்றார் ஜெபமணி. "வரட்டும். டிக்கெட்டைப் போடு" என்றார் அண்ணாச்சி.

செக்கடி டீக்கடையில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். "பழகுன வண்டிலா, வீட்டுல தனியா கெடக்க ஏங்குது" என்றார் ஒருவர். அவரவர் டீயைக் குடித்தார்கள்.

ஒரு பையனின் அம்மா, மகன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை அவன் பைக் ஹேண்டிலில் மாட்டிவிட்டாள். அது சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதிலிருந்து தெருவெல்லாம் பைக்கில் சாமான் அனுப்பத் தொடங்கியது. செக்கடியில் இருக்கிற அக்காளுக்கு முருங்கைக்கீரை, மில்லில் வேலை பார்க்கிற வீட்டுக்காரருக்கு மோர், கல்லூரி வாட்ச்மேனுக்கு வெற்றிலை. வளைவில் நிற்கிற போலீஸ்காரர் ஹெல்மெட் இல்லாமல் வருகிறதே என்று தடுத்துப் பார்த்தார். யாரைப் பிடிப்பது என்று அவருக்கே விளங்கவில்லை. மறுநாளிலிருந்து தாய்மார்கள் கண்ணாடிக் கம்பியில் ஹெல்மெட்டை மாட்டி அனுப்பினார்கள், அவரும் சல்யூட் வைக்காத குறையாக விட்டுவிட்டார்.

இவ்வளவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். எனக்கு ஆத்திரம் வந்தது பெட்ரோல் விஷயத்தில்தான். ஓடி ஓடி டாங்க் காலியாகி, இசக்கிராஜாவின் சிவப்பு பைக் ஒருநாள் நடுரோட்டில் விக்கி விக்கி நின்றது. அவன் அப்பா அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "பட்டினியா ஓடிருக்கு பாருங்களேன். வாய விட்டுக் கேக்கவா செய்யும்?" என்று கேனில் பெட்ரோல் வாங்கிவந்து தன் கையால் ஊற்றினார். அதைப் பார்த்து மற்ற அப்பாக்களும் ஊற்றினார்கள். பையன் பஸ்ஸில் போகிறான், பைக் பின்னால் பெட்ரோல் குடித்துக்கொண்டு வருகிறது, அந்தப் புகையும் போகிறது, பஸ் புகையும் போகிறது. செண்பகவல்லி ஜன்னல் வழியாகப் புங்க இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னைவிடக் கறுப்பாக இருந்தன.

"அக்கா, நான் என்ன சொன்னேன், இவனுக என்ன செய்யுதானுவ?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"நீ சொன்னது அவனுகளுக்குக் கேட்டுச்சு. வண்டிக்குக் கேக்கல" என்றேன்.

சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. அம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "வச்ச சாமானை வச்சவன் கையாலதான் எடுக்கணும். அதும் விஜயதசமியன்னைக்குத்தான் எடுக்கணும். அன்னைக்குத் தூங்கிட்டீங்க. இனி அடுத்த விஜயதசமிதான்" என்று சொல்லிவிட்டார். மாற்றுச் சாவி போட்டுப் பார்த்தார்கள், பூட்டு திரும்பவில்லை. பைக்குகளைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், இரவெல்லாம் ஹாரன் அடித்துத் தெருவைத் தூங்கவிடாததால் அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். சரி, வருஷம் ஓடுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று ஊர் அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

பஞ்சாயத்து இன்னும் ஒருபடி மேலே போனது. செக்கடி நிறுத்தத்தில் பயணிகளுக்கு நிழற்குடை வேண்டும் என்று நான் தாவணி போட்ட காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். பஸ் வரும்வரை ஓடிப்போய் நிற்கப் பைக்குகளுக்கு இடமில்லையே, வெயிலில் சீட்டு பிளந்துவிடுகிறதே என்று தலைவர் கவலைப்பட்டு, தகரக் கூரை போட்டு, சிமென்ட் தரை போட்டு, ரிப்பன் கட்டி வெட்டி, அதே நிறுத்தத்தில் பைக்குகளுக்கு ஒரு கொட்டகை திறந்துவைத்தார். பைக்குகள் நிழலில் நின்றன. நாங்கள் வெயிலில் நின்றோம். நான் ஒருநாள் அந்தக் கொட்டகைக்குள் ஒதுங்கப் போனபோது, "வண்டிக்குக் காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று ஒரு பெரியவர் என்னைச் சொன்னார். என்ன ஊர் இது என்று முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் போய் நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் பைக்குகள் வாசலை மொய்த்துக்கொண்டு முட்டி முட்டி நிற்கும், இறங்குகிறவர்கள் இறங்க முடியாது, ஏறுகிறவர்கள் ஏற முடியாது, பஸ் தினமும் தாமதம். அப்படி ஒருநாள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த இசக்கிராஜா, பக்கத்தில் ஓடிவந்த தன் சிவப்பு பைக்கைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தவன், செக்கடி தாண்டியதும் எட்டி அதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.

செண்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். "ஏ இசக்கி, சத்தியம் பண்ணினேல்லா?"

அவன் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டான். "நான் ஓட்டல செண்பகம். அதுவா ஓடுது. சும்மா போற வண்டில உக்காந்தா என்ன தப்பு? நான் உக்காந்தாலும் அதே புகைதான், உக்காரலேன்னாலும் அதே புகைதான்."

கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு இன்னும் கோபம். கொஞ்ச நாளில் எல்லாப் பையன்களும் கையைக் கட்டிக்கொண்டு, ஹேண்டிலைத் தொடாமல், சத்தியத்தை ஒரு பிசகும் இல்லாமல் காப்பாற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் உட்கார்ந்து வந்தார்கள். பஸ்ஸுக்குள் மறுபடியும் ஐந்தாறு பெண்களும் நானும்தான். பசுமை மன்றத்துக்கு அந்த வருஷம் ஒரு கேடயம் கிடைத்தது. இசக்கிராஜா அதைப் பைக்கின் முன்னால் கட்டிவைத்துக்கொண்டு வந்தான்.

டெப்போ மேனேஜர் வந்தார், காலி சீட்டுகளைப் பார்த்தார், பின்னால் வந்த ஊர்வலத்தைப் பார்த்தார். "ஆளு பூராவும் பொறத்தால வருது, பஸ்ஸு மட்டும் முன்னால சும்மா போகுது" என்றார். காலை டிரிப்பை நிறுத்திவிட்டார்.

கடைசி நாள் டிரிப் முடிந்து செண்பகவல்லி இறங்கும்போது மாசானமுத்து அண்ணாச்சி அந்த மாலையைக் கழற்றினார். பூவெல்லாம் சருகாகிச் சாவிகள் மட்டும் கலகலவென்று தொங்கின. "நாளையிலருந்து எனக்கு வேற ரூட்டு. இதைக் கொண்டுக்கிட்டுப் போனா இதுக அம்புட்டும் எம்பொறத்தால வந்துரும். நீதான கூட்டிட்டு வந்த, நீயே வச்சுக்க தாயி" என்றார். எடுக்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருக்கிறாரே என்றார் ஜெபமணி. "நான் எடுக்கல, எடம் மாத்துதேன்" என்று சொல்லி, கோர்த்தது கோர்த்தபடி அவள் தோள்பையில் போட்டார்.

வீட்டில் வேலாயுதம் சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினார். "பஸ்தான் நின்னுட்டே தாயி. நாளைக்கு அவுக வேனு புடிச்சி வாராவ. ஒன்னப் பாத்துட்டுப் போட்டும்." செண்பகவல்லி அழவில்லை. காலையில் கடைசியாக ஒருதரம் கல்லூரிக்குப் போய் டிசி வாங்கி வந்துவிடுகிறேன், பெண் பார்க்க வருவதற்குள் வந்துவிடுவேன் என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அவள் நடந்துபோவதை அவர் யோசிக்கவில்லை, அல்லது யோசித்தும் வாயைத் திறக்க அவருக்கு முகம் இல்லை.

மறுநாள் காலை அவள் செக்கடி நிறுத்தத்தில் வந்து நின்றபோது பைக்குகள் கொட்டகையிலிருந்து புறப்பட்டு, கை கட்டிய பையன்களைச் சுமந்தபடி அவளைச் சுற்றி வந்து நின்றன. அவள் நின்றால் அவை நின்றன. பையன்கள் உதைத்தார்கள், ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள், சத்தியத்தையும் மறந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார்கள். ஒன்றும் நகரவில்லை. செண்பகவல்லி சாவிகள் கிடந்த பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கல்லூரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பைக்குகள் அவளுக்குப் பின்னால், அவள் நடைக்கு நடை, உறுமிக்கொண்டு ஊர்ந்தன.

அவள் வேகமாக நடக்கவில்லை. அவசரமாகப் போய் வாங்குகிற காகிதமா அது? பொட்டல்காட்டு ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் அவள், பக்கத்தில் நான், பின்னால் ஊரின் மொத்தப் பைக்குகள், அதற்குப் பின்னால் கல் ஏற்றிய டிப்பர் லாரி, பள்ளிக்கூட வேன், தயிர் வண்டி, ஆட்டோ, டெப்போ மேனேஜரின் ஜீப், அதற்கும் பின்னால் எங்கேயோ மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பட்டும் வெற்றிலையுமாக வந்து, ஊருக்குள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட வேன், எல்லாம் ஒரு பெண்பிள்ளையின் செருப்புச் சத்தத்துக்குத் தக்கபடி நகர்ந்தன. அரிசி மில்லைத் தாண்டும்போது வேலாயுதம் முதுகில் மூட்டையோடு வாசலில் நின்றார். மூட்டையை இறக்க மறந்து, வரிசையின் தலையில் போகிற தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா பைக்கிலிருந்தபடியே கெஞ்சினான். "ஏ செண்பகம், இன்டர்னல் டெஸ்ட் இருக்கு. எஞ்சாவிய மட்டும் குடேன்."

"விஜயதசமி வரட்டும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வெயிலில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சகுனம் சரியில்லை என்று வந்த வழியே திரும்பிப் போனது. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபீசில் கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து கேட்டபோது டிசிக்கு முதல்வர் கையெழுத்து வேண்டும், முதல்வர் ரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நாளைக்கு வா என்றார். அந்த ஆபீசின் மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, அன்றைக்கு மட்டும் வாழ்த்தினேன்.

நாளைக்கு வா என்றால் நாளைக்கும் நடக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் அவள் வாசலுக்கு வந்தபோது, அறுந்து கிடந்த செருப்பு வாரை வேலாயுதம் சாக்கு தைக்கிற ஊசியால் தைத்து வைத்திருந்தார். பொட்டல்காட்டு ரோட்டில் மகள் தனியாகப் போகிறாள் என்ற பயம் அவருக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். அவளுக்குப் பின்னால் ஊரே போகும்போது தனி என்று எப்படிச் சொல்வது? டிசி கேட்கிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வகுப்புக்குப் போனாள், சாயங்காலம் அதே ஊர்வலத்தோடு திரும்பி வந்தாள்.

இப்படியே ஊர் நகர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து போனதில் பைக்குகள் இரண்டு மடங்கு பெட்ரோல் குடித்தன. அப்பாக்களின் கண்ணீர் வற்றியது. முதலில் ஊற்றிய இசக்கிராஜாவின் அப்பாதான் முதலில் நிறுத்தினார். ஒவ்வொன்றாக, போகிற வழியிலேயே விக்கி, ரோட்டோரத்தில் ஒதுங்கி நின்றுவிட்டன. நின்ற இடத்தில் வேலிப்பருத்தி சக்கரத்தில் ஏறியது. சிவப்பு பைக்கின் சீட்டில் ஒரு தவிட்டுக்குருவி கூடு கட்டியது. பையன்கள் வேறு வழியில்லாமல் அவள் பின்னால் நடந்தார்கள், வியர்த்தார்கள், திட்டினார்கள், கடைசியில் அவர்களே டெப்போ வாசலில் போய் உட்கார்ந்து பஸ் வேண்டும் பஸ் வேண்டும் என்று கத்தினார்கள். செண்பகவல்லி ஒருத்தியாக நின்று கேட்டபோது வராத பதினொன்று சி அவர்கள் கத்தியவுடன் வந்தது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

பஸ் வந்தது, நிறைந்தது, புங்க மரத்தில் மழைக்குப் பிறகு வந்த தளிர்கள் தளிர் நிறத்திலேயே இருந்தன. ஆனால் மேனேஜர் உத்தரவு போடும்போதே சொல்லிவிட்டார், இது அடுத்த விஜயதசமி வரைக்கும்தான் என்று. அன்றைக்குப் பையன்கள் சாவியை எடுத்துவிடுவார்கள், பைக் வந்துவிடும், பிறகு பஸ்ஸுக்கு யார் இருக்கிறார்கள்? பையன்களும் அதை மறைக்கவில்லை. "விஜயதசமிக்கு அப்புறம் இந்த நெரிசல் இல்லலா" என்று செண்பகவல்லியின் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கோ அதற்குப் பிறகும் மூன்றாம் வருஷத்தில் பெரும்பகுதி மீதி இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. பஸ்ஸைக் கழுவினார்கள், வாழைக்கன்று கட்டினார்கள். இந்தத் தடவை கூட்டம் அதிகம். பூசாரியே நேரில் வந்து, "இன்னைக்குப் பூஜையில வச்சாத்தான் நாளைக்கு எடுக்க முடியும். மாலைய வைங்க" என்றார். மாலை செண்பகவல்லியின் பையில் இருந்தது. பையன்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், போனைக் கீழே வைக்க ஒருத்தனுக்கும் மனமில்லை.

"செண்பகம், நீயே வச்சிரு" என்றான் இசக்கிராஜா.

அவள் புதுச் செவ்வந்திச் சரத்தை அந்தப் பழைய நாரோடு சேர்த்துச் சுற்றி, பஸ்ஸுக்குள் ஏறி, சாமி படங்களுக்குக் கீழே தன் கையால் மாலையைத் தொங்கவிட்டாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், நன்றாகக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கை தட்டினார்கள். வச்ச சாமானை வச்சவன் கையாலதான் எடுக்கணும் என்று போன வருஷம் சொன்ன பூசாரியை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுண்டல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஜயதசமி. ஊரே குளித்து முழுகி, தேங்காய் பழம் பூ எடுத்துக்கொண்டு, சில பேர் கேனில் பெட்ரோலும் எடுத்துக்கொண்டு, பதினொன்று சி-க்கு முன்னால் வந்து நின்றது. நேரமாகியது. பூசாரி மாலையைப் பார்த்தார், இது யார் வைத்தது என்று கேட்டார், சொன்னார்கள். அப்போதுதான் ஒவ்வொரு முகமாக மாறியது. இசக்கிராஜா ஓடினான், பின்னால் பையன்கள் ஓடினார்கள், தேங்காயோடு அப்பாக்கள் ஓடினார்கள், நானும் முட்டி வலியோடு ஓடினேன்.

செண்பகவல்லி வீட்டு வாசலில் வேலாயுதம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மில்லுக்கு லீவு போட்டிருந்தார். பின்னால் கதவு சாத்தியிருந்தது.

"மாமா, செண்பகத்தக் கூப்பிடுங்க, சாவி எடுக்கணும், இன்னைய விட்டா இன்னும் ஒரு வருஷம் ஆயிரும்" என்று மூச்சு வாங்கக் கத்தினான் இசக்கிராஜா.

வேலாயுதம் எழுந்து, வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்கப்பா" என்றார். "பிள்ள தூங்குது."